சாலைக்கு அந்தப் பக்கம்

எட்டு வழிச்சாலை போட்டபோது செவலை நாய் இந்தப் பக்கமும், அதன் காதலி வெள்ளச்சி அந்தப் பக்கமும் மாட்டிக்கொண்டன. நடுவில் தாண்ட முடியாத கம்பித் தடுப்பு.

“அங்கேயே இரு, பஸ் பிடிச்சு வர்றேன்!” என்று குரைத்துவிட்டுச் செவலை பஸ் ஏறியது. வெகுதூரம் போய் வளைந்து வந்து இறங்கினால் வெள்ளச்சியைக் காணோம்.

“உன்னைக் காணாம நானே பஸ்ல இங்க வந்துட்டேனே!” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து அழுதது வெள்ளச்சி.

“சரி, நான் வர்றேன்!” என்று இரண்டும் ஒரே நேரத்தில் கத்தின. லாரி ஹாரனில் ஒன்று சொன்னது மற்றதற்குக் கேட்கவில்லை. இரண்டுமே பஸ் ஏறின.

தடுப்பு முடிந்து வண்டிகள் வளையும் இடத்தில் பயங்கர நெரிசல். இரண்டு பஸ்களும் அருகருகே நின்றுவிட்டன. ஜன்னலில் வெள்ளச்சியைப் பார்த்த செவலை, குதித்து ஓடி அதன் பஸ்ஸில் ஏறிக்கொண்டது.

“இது எப்போ நகரும்?” என்றது வெள்ளச்சி.

“நல்லவேளை, இப்போதைக்கு நகராது” என்று அதன் தோளில் சாய்ந்தது செவலை.