ரெண்டு டப்பா

மூத்திர டப்பாவுல மருமகள் எதையோ கலந்துட்டா. லீலாவதிக்கு அதுல சந்தேகமே இல்லை.

பின்னே என்ன? ரெண்டு டப்பாவுலயும் இருந்தது ஒரே ஆளோடது. ஒண்ணு நல்லாயிருக்கு, இன்னொண்ணுல கோளாறுன்னா எப்படி?

வாசல்ல நர்ஸ் ஜெயசித்ரா விவரம் சொல்லிக்கிட்டிருந்தாங்க. மகன் இளவரசனுக்கு ஒண்ணுமில்லையாம். மகள் முத்தமிழுக்குத்தான் சிறுநீர்ல புரதம் போகுதாம். பெரம்பலூர் வந்து ரத்தம் கொடுக்கணுமாம், ஸ்கேன் எடுக்கணுமாம்.

ஆவணியில முத்தமிழுக்குக் கல்யாணம். குரும்பலூர் சம்பந்தி வூட்டுக் காதுல விழுந்தா அவ்வளவுதான்.

குன்னம் பக்கத்துல அவங்க இருந்த தெருவுக்கே இது சாபக்கேடு. உலகத்துல எங்கேயோ ஒருத்தருக்கு வர்ற கிட்னி வியாதி, சொந்தத்துக்குள்ளயே பொண்ணு கொடுத்து பொண்ணு எடுத்த தெருவுல வூட்டுக்கு வூடு இருந்துச்சு. லீலாவதி புருஷன் வீரமுத்துவையும் அதுதான் கொண்டுபோச்சு. அதனாலதான் டாக்டருங்க வந்து, பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் டப்பா கொடுத்துட்டுப் போனாங்க.

லீலாவதி லேசுப்பட்ட ஆளா? மருமகள் வளர்மதியைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, ரெண்டு டப்பாவையும் கையில திணிச்சா. நீ வெளியூர்க்காரி, உனக்கு ஒண்ணும் இருக்காது, ரெண்டுலயும் நீயே பிடிச்சுக் கொடுத்துடுன்னா. வளர்மதியும் சரின்னு வாங்கிட்டுப் போனா.

இளவரசன் ஆசைப்பட்டு வரதராஜன்பேட்டையிலேர்ந்து கட்டிக்கிட்டு வந்த பொண்ணு அவ. வந்த நாள்லேர்ந்து மாமியார் அவளை நல்ல கண்ணால பாத்ததில்லை. அந்த ஆத்திரத்தை இப்ப கல்யாணத்துல காட்டுறா!

நர்ஸ்கிட்டயும் வாய் திறக்க முடியல. திறந்தா தன் திருட்டுத்தனம் சந்தி சிரிச்சிடும். வளர்மதி கையைப் பிடிச்சு அடுப்படிக்குள்ள இழுத்துட்டுப் போனா.

"முத்தமிழ் டப்பாவுல என்னடி கலந்தே?"

"ஒண்ணும் கலக்கல அத்தை."

"ரெண்டும் உன்னோடதுதானே? அப்புறம் ஒண்ணு மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்?"

வளர்மதி கையை விடுவிச்சுக்கிட்டா.

"நான் என்னோடதைக் கொடுக்கவே இல்ல அத்தை. அவங்கவங்களோடதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். இப்பவே தெரிஞ்சா வியாதியை மாத்திரையிலயே தள்ளிப்போடலாம்னு நர்ஸம்மா சொன்னாங்க. இந்தக் கல்யாணம் இல்லன்னா இன்னொண்ணு வரும். மாமாவைத் தூக்கிக் கொடுத்த மாதிரி, முத்தமிழையும் தூக்கிக் கொடுக்கச் சொல்றீங்களா?"