தாழம்பூச் சடை

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள் மக்களே, காற்று நுழையாத ஓர் அறையைப் பற்றிச் சொல்கிறேன். ஜமீன் அரண்மனையில் மூத்த தாரம் செத்துப்போன அறை அது. ஜன்னல்களுக்கு ஆணி அடித்திருந்தார்கள்; தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான். இளைய தாரமாக வந்த ஆவுடை பந்தியில் சிரித்துவிட்டாள் என்று, மாமியார் பெரியநாச்சி அவளை அதற்குள் தள்ளிப் பூட்டினாள்.

"மூணு நாள் செத்தவகூட இருந்து பாரு. புத்தி பேதலிச்சு வந்தா உங்கப்பன் வீட்டுக்கு வண்டி தயாரா நிக்கும்."

மகனுக்கு மூன்றாம் தாரமாக ஒரு பெண்ணைக்கூட அவள் பார்த்து வைத்திருந்தாள்.

நான்காம் நாள் காலையில் பெரியநாச்சியே சாவியோடு வந்தாள். அழுகை கேட்கிறதா என்று கதவில் காதை வைத்தாள். தாழம்பூ வாசனைதான் வந்தது. திறந்தாள். ஆவுடை முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தலைவிரி கோலமாக உள்ளே போனவளுக்கு இப்போது இடுப்பு வரை சடை. உச்சியிலிருந்து நுனிவரை தாழம்பூ மடல் வைத்துத் தைத்திருந்தது. தன் முதுகில் தானே அப்படித் தைத்துக்கொள்ள எந்தப் பெண்ணாலும் ஆகாது. பெரியநாச்சி விரலால் தொட்டுப் பார்த்தாள். அன்று பறித்த மடல்போல ஈரமாக இருந்தது.

"யாருடி தைச்சுவிட்டா?"

ஆவுடை சுவரைப் பிடித்து எழுந்தாள். உதடு வெடித்திருந்தது, கால் நடுங்கியது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"பசிக்குது அத்தை. ரெண்டு இலை போடச் சொல்லுங்க. அக்காவும் சாப்பிட்டு ரொம்ப வருஷமாச்சாம்."

பெரியநாச்சி வாசலைவிட்டு விலகினாள், இரண்டு பேர் போகிற அளவுக்கு.

உங்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் வெளித்தாழ்ப்பாள் வேண்டாதிருக்கட்டும் மக்களே. பந்தியில் சிரிப்புச் சத்தம் குறையாதிருக்கட்டும்.