தைலமரம் வரை

சின்ன மலையூர் ஒன்றில், வெளியூராரை முதுகில் ஏற்றி உச்சி அருவிக்கு அழைத்துச் செல்வது பவளம் என்ற மட்டக்குதிரையின் வேலை. ஆனால் பாதி வழியில் நிற்கும் தைலமரத்தடியில், குதிரைமேல் அமர்ந்தபடியே படம் எடுத்துக்கொண்டதும், "பார்த்தாயிற்று, போகலாம்" என்று எல்லாரும் திரும்பிவிடுவார்கள். அருவியின் ஓசையை மட்டுமே கேட்டு வந்த பவளம், ஒருமுறையேனும் அதைக் கண்ணால் காண ஏங்கிற்று.

"உன்னைப்போல் கட்டில்லாமல் திரிந்திருந்தால் என்றோ பார்த்திருப்பேன்" என்று அது பக்கத்தில் மேயும் வெள்ளாட்டிடம் பெருமூச்சு விடும்.

"கயிறு அவிழட்டும் அக்கா, பார்க்கத்தானே போகிறோம்!" என்று ஆடு அசைபோட்டபடி சீண்டும்.

மழைக்காலம் வந்தது; வெளியூரார் வரவு நின்றது. குதிரைக்காரர் பவளத்தை அவிழ்த்து மேயவிட்டார்.

"இன்று அருவியில்தான் எனக்குத் தண்ணீர்!" என்று பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு பவளம் மேலே ஏறியது. வேடிக்கை பார்க்க ஆடும் பின்தொடர்ந்தது.

தைலமரம் வந்ததும் பவளம் நின்றது. கழுத்தை ஒயிலாக வளைத்து, ஒரு படம் எடுக்கும் நேரம் அசையாமல் இருந்தது. பிறகு திரும்பி, கீழே இறங்கத் தொடங்கியது.

"அக்கா! அருவி அந்தப் பக்கம்!" என்று ஆடு கத்தியது.

"அதுதான் பார்த்தாயிற்றே" என்றது பவளம், நடையை நிறுத்தாமல். "சொன்ன அளவுக்கு ஒன்றுமில்லை."