பத்து நிமிடத் தூரம்

"நாளைக்கு நான் வரல சிஸ்டர், விட்ருங்க" என்று தையல்காரம்மா போனை வைக்கப் பார்த்தார்.

விடுகிற ஆளா நான்? எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டிய டிரிப்பை அவர் ஏற்கெனவே ஒரு தடவை தவறவிட்டிருந்தார். நாளையும் வராவிட்டால் அந்த மருந்து உடம்பில் வேலை செய்யாமல் போய்விடலாம். அப்புறம் பெருங்குடலை வெட்டி எடுத்து வயிற்றில் மலப் பை மாட்ட வேண்டியதுதான். வயது முப்பத்து நான்கு.

கொரோனாவுக்காக எங்கள் குடல் நோய்ப் பிரிவைக் காலி செய்து, ஆஸ்பத்திரி நூலகத்துக்குத் துரத்தியிருந்தார்கள். டாக்டரையும் காய்ச்சல் வார்டுக்கு இழுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது நான்கு நாற்காலி, ஒரு போன், நர்ஸ் என்று நான் ஒருத்தி.

வழக்கமான பாட்டைப் பாடினேன். நாற்காலிக்கு நாற்காலி ஆறடி, தனி வாசல், இதுவரை இங்கே ஒருத்தருக்கும் தொற்றவில்லை, பயப்படவே வேண்டாம்.

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

"பயமெல்லாம் இல்ல சிஸ்டர். பஸ் இல்ல, அரை மணி நேரம் நடக்கணும். எனக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல தாங்காது. வழியில இருக்கற பாத்ரூம் எல்லாம் பூட்டிட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "போன தடவை பாதி வழி வந்தேன். துணியெல்லாம் பாழாகித்தான் திரும்பினேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது, ரத்தம் வருகிறதா, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா என்று ஒன்பது வருஷமாகக் கூச்சமில்லாமல் கேட்கிறவள் நான். பஸ் நிலையம், டீக்கடை, பெட்ரோல் பங்க் எல்லாம் பூட்டிக் கிடக்கிறதே, இவர்கள் எப்படி வந்து சேர்வார்கள் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

ஆம்புலன்ஸ் கேட்டேன். காய்ச்சல்காரர்களுக்கே போதவில்லை என்று எரிந்து விழுந்தார்கள்.

அப்புறம்தான் நோயாளிகளின் விலாசப் பதிவேட்டைப் பிரித்தேன். அவர் நடந்து வரும் சாலையில் எங்கள் ஆட்கள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பென்சிலால் குறித்தேன். வேறு யாருக்குத் திறக்காவிட்டாலும் இந்த அவசரத்துக்கு அவர்கள் கதவைத் திறப்பார்கள்.

முதல் வீடு, ஓய்வுபெற்ற லாரி டிரைவர். என்னைச் சொல்லி முடிக்கவே விடவில்லை.

"இதெல்லாம் கேக்கணுமா? பினாயில் ஊத்திக் கழுவிட்டு, கதவைத் திறந்து வெச்சுட்டு நான் மாடிக்குப் போயிடறேன். அந்தம்மா என் மூஞ்சியப் பாக்கவே வேண்டாம்."

அடுத்தது ரயில்வே கேட் அருகே ஒரு டீச்சர். அவரும் சரி என்றார். புது சோப்பு எடுத்து வைக்கட்டுமா என்று வேறு கேட்டார்.

கேட்டைத் தாண்டினால்தான் சிக்கல். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கால் மணி நேரம். நடுவில் எங்கள் ஆள் ஒரே ஒருவர், கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். அவரும் இரண்டு டிரிப்புக்கு வராதவர்தான். இருந்தாலும் போன் போட்டேன்.

எடுத்தது அவர் மனைவி. விஷயத்தைச் சொன்னேன்.

"அவர் இல்ல சிஸ்டர். குடல் ஓட்டையாகி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள... இன்னியோட பதினோரு நாளாச்சு."

ஏதோ உளறி, மன்னிப்புக் கேட்டு வைக்கப் போனேன்.

"வெச்சுடாதீங்க. அவங்களை வரச் சொல்லுங்க. கதவைத் திறந்து வெச்சுட்டு நான் தெருவுல நின்னுக்கறேன்" என்றார். "அவரும் இதுக்காகத்தானே ரெண்டு தடவையும் தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தார். உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை.

போன மாதம் நான்தான் அவரைப் போனில் கூப்பிட்டேன். "என்ன சார், இதோ இருக்கற ஆஸ்பத்திரிக்கு வர இவ்வளவு பயமா? பொம்பளைங்களே தைரியமா வந்துட்டுப் போறாங்க" என்று கேலி செய்தேன். டிரிப் ஏறிக்கொண்டிருந்த நாலு பேரும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார்.

"ஆமா சிஸ்டர், நான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளிதான்" என்றார்.