மதமதப்பு

“கை கால்ல மதமதப்பு இருக்கா?”

டாக்டர் கணினியைப் பார்த்தபடியே கேட்டார்.

இல்லை என்றாள்.

பச்சைப் பொய். மூன்று வாரமாகப் பாதம் இருக்கிற சுரணையே இல்லை. குளிக்கிற வெந்நீர் சுடுகிறதா என்று முழங்கையை விட்டுத்தான் பார்க்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவருக்குக்கூட இது தெரியாது.

போன தடவை அடுத்த கட்டில் செல்லக்கனி இதே கேள்விக்கு ஆமாம் என்றாள். நரம்பு கெட்டுவிடும் என்று கீமோ மருந்தைக் குறைத்தார்கள். இந்தத் தடவை அவள் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று இவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

நரம்புதானே, போகட்டும். உயிர் இருந்தால் போதும்.

“அப்ப முழு டோஸே போட்டுரலாம்.”

டாக்டர் எழுதிக் கொடுத்தார். காப்பியடித்துப் பாஸான பிள்ளை மாதிரி அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

வெளியே வந்து, வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, மருந்து ஏற்றும் அறையைப் பார்த்து நடந்தாள். தடுமாறாமல்தான் நடந்தாள்.

பின்னாலேயே ஒரு பெண் வெறுங்காலோடு ஓடி வந்தாள்.

“யக்கா, அது என் செருப்புல்லா!”

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

இரண்டு அளவு சின்னச் செருப்பு. குதிகால் பாதி வெளியே இருந்தது. வார் அறுத்துச் சுண்டுவிரலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

கணவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“டாக்டர்ட்ட சொல்லிராதிய,” என்றாள்.

அவர் திரும்பி டாக்டர் அறையை நோக்கிப் போனார்.



கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே டாக்டர் வேறு யாரிடமோ அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் கணவர் நின்றார். உள்ளே ஒரு கால் வைத்தார். எடுத்தார்.

குனிந்து அவளுடைய செருப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

நடைபாதை என்றும் பாராமல் தரையில் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணின் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். கைக்குட்டையால் ரத்தத்தைத் துடைத்தார். அழுத்தித் துடைக்கிறார் என்பது அவளுக்குப் பார்த்துத்தான் தெரிந்தது.

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“அடுத்த தடவையிலேர்ந்து ஒன் செருப்ப நான் கையில வச்சிக்கிடுதேன், கோமு.”