சோதனைத் தண்ணீர்

ஜீப்பிலிருந்து இறங்கும்போதே தண்ணீர் அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

நல்ல சகுனம் என்று பூமிநாதன் நினைத்தார்.

தொண்ணூறில் எழுதிப்போட்ட மனுவுக்குத் தொண்ணூற்று மூன்றில் ஜீப் வந்திருந்தது. அதையும் குறை சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் மனுப் போட்டவர்களுக்கு இன்னும் சைக்கிள்கூட வரவில்லை.

பந்தல்குடி ரோட்டோரம் அவருடைய பருத்திக் காட்டை ஒட்டித்தான் டவுன் குப்பையெல்லாம் வந்து விழுகிறது. மழை பெய்தால் குப்பை ஊறி, அந்தச் சாறு கரிசல் வெடிப்பு வழியாக நேரே கிணற்றுக்குள் இறங்கிவிடும். தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறி வெகுநாளாகிவிட்டது. ஆடுகள் தொட்டிக்கு வரும். தண்ணீரை ஒரு பார்வை, இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடும்.

தண்ணீர் கெட்டது என்று இந்த அதிகாரி ஒரு வரி எழுதினால் குப்பைக் கிடங்கு இடம் மாறும். எழுதாவிட்டால் பூமிநாதன்தான் இடம் மாற வேண்டும்.

முதலில் மண்ணைக் காட்டினார். காலையிலேயே வெட்டி வைத்த குழி. மேலே கரிசல், ஒரு முழம் கீழே போனால் பாலிதீன் பை, பல்பு உடைசல், யாருக்கோ ஏற்றிய குளுக்கோஸ் பாட்டில். காற்றில் வந்து விழுந்து, உழவில் உள்ளே போனவை.

“மண்ணு என் டிபார்ட்மெண்ட் இல்ல. அது விவசாய ஆபீஸு.”

“இந்த நாத்தம், சார்?”

“அது சுகாதாரம்,” என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து. “நான் தண்ணி மட்டுந்தான்.”

பூமிநாதனுக்கு அலுப்பாக இருந்தது. போகட்டும், தண்ணீர் ஒன்றே போதும். அதைப் பார்த்த பிறகு எந்த மனிதனும் வேறு மாதிரி எழுத முடியாது.

முந்தின நாளே ஆபீஸ் பியூன் வந்து ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொடுத்து, கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வைக்கச் சொல்லியிருந்தான். அந்தப் பொறுப்பை மனைவி ஜக்கம்மாள் எடுத்துக்கொண்டாள். இப்போது பாட்டிலை முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

அதிகாரி அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பாட்டில் வழியாக அந்தப் பக்கம் இருந்த பருத்திச் செடியின் இலை நரம்பு தெரிந்தது.

மூடியைத் திறந்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாகக் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். மோந்தார். விட மனசில்லாமல் இன்னொரு தடவையும் மோந்தார்.

“எங்க வீட்டுக் குழாயில இப்படி வரமாட்டேங்குது. இதையாய்யா ஆடு குடிக்காதுன்னு எழுதிப்போட்ட?”

பூமிநாதன் கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினார். “சார், கெணத்த வந்து ஒருதரம் எட்டிப் பாருங்க.”

“அப்படி ஒருத்தன் பேச்சக் கேட்டு எட்டிப் பாத்துத்தான் என் மூக்குக்கண்ணாடி அவன் கெணத்துக்குள்ள கெடக்கு.”

நின்றபடியே ஏதோ ஒரு வரி எழுதினார். ஒரே வரிதான். நரிக்குடியில் இன்னொரு கிணறு காத்திருக்கிறதாம். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

“ஏத்தா, அது எந்தத் தண்ணி?”

“நம்ம கெணத்துத் தண்ணிதாங்க. சாமி சத்தியமா.” ஜக்கம்மாளின் விரல் நுனிகள் தேய்ந்து வெளுத்திருந்தன. “பானையில தேத்தாங்கொட்டைய ஒரசி ஒரசி, ரா முச்சூடும் தெளிய வச்சேன். வீச்சம் போக வெட்டிவேரு போட்டேன். விடியவும் வேட்டித் துணியில வடிகட்டுனேன். பின்ன, அவ்வளவு தூரத்துல இருந்து வார பெரிய மனுசரு கையில அந்தக் கருமத்த அப்படியேவா குடுக்கிறது? நம்மள என்ன நெனப்பாக?”

பூமிநாதன் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தூக்கம் கெட்ட கண்.

“தண்ணியப் பாத்து அவுக மொகமே மலந்துருச்சு, கவனிச்சீகளா? இனிமே இங்கன குப்ப கொட்ட மாட்டாகள்ல?”

“மாட்டாக,” என்றார் பூமிநாதன்.