தேரி பார்க்கப் போன நாள்

ஞாயிறு காலையில் இரண்டு குடும்பங்களும் ஒரே காரில் தேரிக்காடு பார்க்க வந்தன. சீனித்தாயும் அய்யாக்குட்டியும் கீழே முந்திரி மர நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். அவள் மகன் இசக்கிராஜும் அவர் மகள் பொன்செல்வியும் செருப்பைக் கையில் பிடித்தபடி சிவப்பு மணல் மேட்டில் ஏறினார்கள்.

“தேரிக்கு இப்பதான் மொதல்ல வாறீங்களா?”

“ஆமா. இவ்வளவு செவப்பா இருக்கும்னு நெனைக்கல,” என்றாள் பொன்செல்வி.

உச்சியில் நல்ல காற்று. பனைகளுக்கு அப்பால் கடல் கோடாகத் தெரிந்தது. இசக்கிராஜ் தயங்கியபடி கேட்டான்.

“இந்தக் கல்யாணத்துல ஒங்களுக்கு முழுச் சம்மதந்தானா? ஊரு பேசும்லா?”

“பேசட்டும். நான் நல்லா யோசிச்சுட்டேன். ஒங்களுக்கு?”

“எனக்குச் சம்மதந்தான். அம்மாதான் வாயே தெறக்க மாட்டேங்காங்க.”

“எங்கப்பாவும் அப்படித்தான். அதுக்குத்தான இங்கன கூட்டிட்டு வந்தோம்.”

கீழே அய்யாக்குட்டி ஏதோ சொல்ல, சீனித்தாய் வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா போன எட்டு வருஷத்தில் அம்மா அப்படிச் சிரித்து இசக்கிராஜ் பார்த்ததில்லை.

சற்று நேரத்தில் சீனித்தாய் எழுந்து நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

“ஏலே இசக்கி! வெயிலு ஏறுது. தங்கச்சியக் கூட்டிட்டு எறங்கி வாலே!”

பொன்செல்வி மலர்ந்து சிரித்தாள். மனைவியை இழந்து ஆறு வருஷமாகத் தனியாக இருந்த அவள் அப்பா, புது மாப்பிள்ளையின் வெட்கத்தோடு வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.